மூன்றாம் வகுப்புக்கு மட்டும் லீவு

இன்றைக்குப் பார்த்தா வலை முழுக்க நண்டு பட வேண்டும். மற்ற நாளில் இப்படிப் பட்டிருந்தால் மெல்டா கடல் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டிருப்பாள். இன்றைக்கு எரிச்சல்தான் வந்தது, ஏனென்றால் நண்டு அதிகம் என்றால் வேலை அதிகம், வேலை அதிகம் என்றால் கரைப் பந்தலை விட்டு எழுந்திருக்க முடியாது, அப்படியே எழுந்தாலும் போவதற்கு இருக்கிற ஒரே இடத்துக்கு வரக் கூடாது என்று திலகா டீச்சர் சொல்லிவிட்டார். "நீங்க வந்து நின்னீங்கன்னா பிள்ளை உங்க மூஞ்சியையேதான் பாக்கும், சார் கேக்கறதுக்கு வாயைத் தொறக்காது. நீங்க உங்க வேலையைப் பாருங்க, நான் பாத்துக்கிறேன்." பார்த்துக்கொள்வாராம். என்னத்தைப் பார்த்துக்கொள்வது, ராமநாதபுரத்திலிருந்து ஒரு சார் வருவார், படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாக மகள் ஜெசிந்தாவிடம் காட்டுவார், கேள்வி கேட்பார், கேட்டுவிட்டு இந்தப் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்பு ஆகாது என்று சொல்லிவிட்டால் அடுத்த திங்களிலிருந்து காலையில் வாசலுக்கு ஒரு வேன் வரும், பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் இருக்கிற சிறப்பு மையத்துக்கு ஜெசியைக் கூட்டிக்கொண்டு போகும், பொழுது சாயக் கொண்டுவந்து விடும். அந்த மையத்தில் நல்லாத்தான் பார்த்துக்கொள்கிறார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அங்கே போக வேண்டிய பிள்ளைகள் போகட்டும். என் பிள்ளை போக வேண்டிய பிள்ளையா இல்லையா, அதுதானே கேள்வி, அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல்தானே ஒன்றரை வருடமாக நான் தூங்காமல் கிடக்கிறேன். கை பாட்டுக்கு வலைக் கண்ணை விரித்து நண்டின் காலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டது. இந்த வேலைக்குக் கை போதும், மனசு தேவையில்லை. அது சும்மா கிடக்குமா, ஊரெல்லாம் சுற்றிவிட்டு மறுபடி பள்ளிக்கூட வாசலிலேயே போய் நின்றது.

கொஞ்சம் மெதுவா இருக்கா. அப்படித்தான் டீச்சர் சொன்னார், போன மாதம், பூசை முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது, குரலைத் தாழ்த்தி, தோளில் கையை வைத்து. நல்ல மனுஷி, கெட்ட எண்ணம் கிடையாது. மெதுவா. மெதுவா என்றால் எப்படி, ஆமை மெதுவாகப் போகும், போய்ச் சேர்ந்துவிடும், அந்த மெதுவா? இல்லை, எஞ்சின் நின்றுபோன வள்ளமும்தான் மெதுவாகப் போகிறது, அது எங்கே போய்ச் சேரும் என்று யாருக்காவது தெரியுமா? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "சரிங்க டீச்சர்" என்று பல்லைக் காட்டிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து உலையில் அரிசியைப் போட்ட பிறகுதான் கேட்க வேண்டியதெல்லாம் வரிசையாக நாக்கில் வந்து நின்றது. இந்தப் புத்தியை வைத்துக்கொண்டு நான் பிள்ளையைச் சொல்கிறேன். ஒரு நண்டு வெடுக்கென்று கொடுக்கை நீட்டி அவள் விரலைப் பிடிக்கப் பார்த்தது, "போடா" என்று அதைக் கூடையில் எறிந்தாள். எதிரில் உட்கார்ந்திருந்த பனிமயம் மதினி நிமிர்ந்து பார்த்தாள். மெல்டாவின் புருஷனுக்கு மூத்த அண்ணன் பெண்டாட்டி, வாய் ஊர்ப்பட்டது, மனசு அதைவிடக் கொஞ்சம் பெரிசு. "கொடுக்கை ஒடிச்சிறாதடி, ஏவாரி மொறைப்பான்" என்றாள். அவளுக்கும் தெரியும் இன்றைக்கு என்ன நாளென்று. தெரிந்துதான் கொடுக்கைப் பற்றிப் பேசுகிறாள்.

ஐந்து வயதில் ஜெசி வாய் மூடி யாரும் பார்த்ததில்லை. கரையில் நிற்கிற வள்ளங்களைக் காட்டி இது யாருடையது, இது யாருடையது என்று பெரியவர்கள் விளையாட்டுக்குக் கேட்பார்கள், பெயின்ட் நிறத்தை வைத்தே டக்கு டக்கென்று சொல்லுவாள், அதோடு விடமாட்டாள், இந்த வள்ளத்து மாமா போன வாரம் என்ன மீன் பிடித்தார், யாரோடு சண்டை போட்டார் என்பதுவரை வரும், சண்டை போட்டவர் அங்கேயே நின்று நெளிவார். மெல்டாவின் புருஷன் சந்தியாகுவுக்கு மகளைத் தோளில் வைத்துக்கொண்டு கரையைச் சுற்றுவதே ஒரு பெருமை. அந்த வருடம்தான் அவன் மேற்குக் கரைத் தொழிலுக்குப் போனான், இந்தப் பக்கம் மீன்பாடு இல்லை என்று. போனவன் மழைக்கு முன்னே திரும்பி வந்தான், வரும்போது பிள்ளைக்கு ஒரு மஞ்சள் சட்டையும் உடம்பில் குளிர்காய்ச்சலும் கொண்டுவந்தான். அவனுக்கு வந்தது, பிறகு மதினி வீட்டில் இரண்டு பேருக்கு, பிறகு ஜெசிக்கு. ஒரு நாள் விட்டு ஒரு நாள், மத்தியானம் ஆனால் போதும், நகக்கண் நீலமாகிவிடும், பல் கிட்டித்து அடிக்கும், வீட்டிலிருக்கிற போர்வை சாக்கு எல்லாவற்றையும் போட்டு மெல்டாவே மேலே படுத்தாலும் அவளையும் சேர்த்துத் தூக்கிப் போடும் அந்தச் சின்ன உடம்பு. அப்புறம் நெருப்பு. அப்புறம் வியர்வை. அப்புறம் ஒன்றுமே நடக்காதது மாதிரி எழுந்து கஞ்சி கேட்பாள். அந்தக் கஞ்சிதான் எல்லாரையும் ஏமாற்றியது.

மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சலை நிறுத்துகிற மாத்திரை கொஞ்ச நாளைக்கு, உள்ளே ஒளிந்துகொள்வதை வேரோடு எடுக்கிற மாத்திரை பதினாலு நாளைக்கு. நாலாம் நாள் பிள்ளை குதித்துக்கொண்டு நின்றாள். இந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு, யார் வீட்டில் மாத்திரை மிஞ்சினாலும் அது வள்ளத்து டப்பாவுக்குப் போகும். கடலில் டாக்டரா இருக்கிறார், நடுக்கடலில் ஒருத்தனுக்குக் காய்ச்சல் கண்டால் டப்பாவைத் திறந்து எது கைக்கு வருகிறதோ அதைப் போட்டுக்கொள்வான், கரைக்கு வந்து சேர்கிறவரை உயிர் நிற்கும் என்று ஒரு நம்பிக்கை. அந்த டப்பாவுக்குக் கொடுப்பது புண்ணியம். காய்ச்சல் விட்ட பிள்ளைக்கு எதற்கு மருந்து என்று மீதி மாத்திரையை மெல்டா தன் கையால் அந்த டப்பாவில் போட்டாள். அவள் மட்டுமா, மதினி போட்டாள், பக்கத்து வீட்டில் போட்டார்கள், வள்ளத்து டப்பா நிறைந்தது, காய்ச்சல் ஒளிந்த இடத்தில் சௌகரியமாக இருந்துகொண்டு இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் எட்டிப் பார்த்தது. தண்ணீர்த் தொட்டி வேறு. மணலைத் தோண்டி ஊற்றுத் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்துவந்து தொட்டியில் ஊற்றுவது, மூடினால் தண்ணீரில் வாடை ஏறும் என்று திறந்தே வைப்பது. சுத்தமான தண்ணீரில் கொசு முட்டையிடும் என்று யார் கண்டது, கொசு என்றால் சாக்கடை என்றுதானே நினைத்தோம். நினைக்க நினைக்க அவளுக்குக் கோபம் வந்தது, தன் மேலா, டப்பா மேலா, தொட்டி மேலா, சந்தியாகு மேலா என்று பிரித்துச் சொல்ல முடியாத கோபம், கையிலிருந்த நண்டின் கால் ஒன்று முறிந்தது. மதினி அந்த நண்டை வாங்கிக் கூடைக்கு அடியில் தள்ளினாள்.

காய்ச்சல் வந்து வந்து போன அந்த இரண்டு வருடத்தில் ஜெசி எப்போது மாறினாள் என்று கேட்டால் மெல்டாவுக்கு ஒரு நாளைக் காட்டத் தெரியாது. காய்ச்சலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பிள்ளையைப் பார்க்கவில்லை. முதலில் பேச்சு குறைந்தது, பலவீனம் என்றார்கள். பிறகு கடைக்கு அனுப்பினால் பாதி வழியில் நின்றாள், எதற்கு வந்தோம் என்று யோசிக்கிற மாதிரி கூட இல்லை, சும்மா நின்றாள், கடைக்காரர் கூப்பிட்டுக் கேட்டால் சிரித்தாள். ராத்திரி செபம் சொல்லும்போது நடுவில் அறுந்துபோகும், எடுத்துக் கொடுத்தால் இரண்டு வார்த்தை வரும், மறுபடி அறுந்துபோகும். கூட்டல் கணக்கில் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று எங்கேயோ விழுந்துவிடும், விழுந்தது என்பதும் அவளுக்குத் தெரியாது. அப்போது ஊர் என்ன சொன்னது தெரியுமா? எவ்வளவு அடக்கமான பிள்ளை! சொன்ன இடத்தில் உட்காரும், கொடுத்ததைத் தின்னும், எதிர்த்து ஒரு வார்த்தை கிடையாது, ஒரு அழிச்சாட்டியம் கிடையாது. மெல்டாவும் கொஞ்ச நாள் அதைக் கேட்டுப் பூரித்துத் திரிந்தாள், அதை நினைத்தால்தான் இப்போதும் வயிறு எரிகிறது. ஒரு நாள் கைதவறி ஜெசி ஒரு தட்டை உடைத்தாள். யார் உடைத்தது என்று மெல்டா கத்த, எந்தப் பிள்ளையும் முதலில் நான் இல்லை என்றுதானே சொல்லும், பூனை என்றாவது சொல்லும், காற்று என்றாவது சொல்லும். ஜெசி அம்மாவையே பார்த்துக்கொண்டு, "நான்தான்" என்றாள். பயமே இல்லாமல். அடிக்கப் போகிறார்கள் என்று நினைத்துப் பார்க்கவே இல்லாமல். அன்றைக்கே மெல்டா ஊருக்கு வருகிற நர்சம்மாவைத் தேடி ஓடினாள்.

நர்சம்மா நல்ல மனுஷி. விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டு போய், திரும்பி வந்து, எல்லாவற்றையும் கேட்டு, டப்பா கதையையும் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். இந்த முறை மாத்திரையைக் கையில் கொடுக்கவில்லை, தினமும் காலையில் வீட்டு வாசலில் நின்று தன் கண் முன்னால் விழுங்க வைத்தாள், பதினாலு நாளும். ரத்தம் ஊற டானிக் கொடுத்தாள். தொட்டியில் சுற்றித் திரிந்த புழுக்களை ஒரு தம்ளரில் அள்ளி, இதுதான் உங்க காய்ச்சல் என்று மெல்டா மூக்குக்கு நேரே நீட்டினாள். அன்றைக்குப் பொழுது போவதற்குள் தொட்டிக்கு மூடி வந்தது, மதினி இன்றுவரை அந்தத் தண்ணீரைக் குடிக்கும்போது முகத்தைச் சுளிக்கிறாள், சுளிக்கட்டும். "திரும்பத் திரும்ப இந்தக் காய்ச்சல் வந்தா பிள்ளைகளுக்குக் கவனம் நிக்காது, ஞாபகம் நிக்காது, ரத்தமும் கொறைஞ்சுபோகும், பள்ளிக்கூடமும் போச்சு. ஒங்க பிள்ளை மக்கு இல்லம்மா, காய்ச்சல் தின்னுருக்கு." அப்படியென்றால் தின்றது திரும்பி வருமா? "இனிமே காய்ச்சல் வராமப் பாத்துக்கிட்டா, நல்லா சாப்பிட்டா, பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருந்தா, கொஞ்சம் கொஞ்சமா வரும். எவ்வளவு வரும்னு என்னால சொல்ல முடியாது." அது ஒன்றரை வருடத்துக்கு முன்னால். அதற்குப் பிறகு காய்ச்சல் வாசல் மிதிக்கவில்லை. ஆனால் அந்த எவ்வளவு இருக்கிறதே, அது மெல்டாவைப் பிடித்துத் தின்றது. நேத்து என்னடி சாப்பிட்ட, பெரியம்மா என்ன சேலை கட்டியிருந்தாக, நாம எந்தத் தெரு வழியா வந்தோம் என்று மூச்சுவிடாமல் பிள்ளையைத் துளைத்தாள். சில நாள் பதில் வரும், வந்ததும் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாள், மறுநாள் அதே கேள்விக்கு வெறும் சிரிப்பு வரும், அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்காது. வந்துகொண்டிருக்கிறதா, வருகிற மாதிரி எனக்குத் தோன்றுகிறதா? பெற்றவள் கண்ணுக்கு எதுதான் தெரியாது, இல்லாததும் தெரியும். அந்த சாருக்கு என்ன தெரியப் போகிறது, படத்தைக் காட்டுவார், பிள்ளை சிரிப்பாள், அவ்வளவுதானே, முடிந்தது, வேன் வந்துவிடும், வெள்ளை வேனா மஞ்சள் வேனா...

"அம்மா."

மெல்டா நிமிர்ந்தாள். புத்தகப் பையும் முதுகுமாக ஜெசிந்தா நிற்கிறாள். சீருடையில் மணல். ரிப்பனில் ஒன்று அவிழ்ந்து தொங்குகிறது. இந்த நேரத்தில் இவள் எங்கே இங்கே, அதற்குள் முடிந்துவிட்டதா, இவ்வளவு சீக்கிரம் முடிந்தது என்றால் ஐயோ, ஒரு படத்தோடு போதும் என்று அனுப்பிவிட்டாரா?

"என்னடி, எப்படி வந்த?"

"லீவு விட்டுட்டாகம்மா. மூணாம் வகுப்புக்கு மட்டும்."

"அது என்னடி மூணாம் வகுப்புக்கு மட்டும்?"

"எங்க வகுப்புல ஓடு விழுந்துருச்சு. ரெண்டு ஓடு. மேல பூனை சண்டை போட்டுச்சு."

ஐயையோ என்று எழுந்த மெல்டா பாதியிலேயே உட்கார்ந்தாள். "யாரு மேலயும் விழுந்துச்சா?"

"விழலை. நாங்க எல்லாரும் ப்ரேயர்ல நின்னோம்ல."

சரிதான், ப்ரேயர் நேரத்தில் வகுப்பில் யார் இருப்பார்கள். மாதா காப்பாற்றினாள். மெல்டா மறுபடி ஒரு நண்டை எடுத்தாள், காலைப் பிரித்தாள், இரண்டாவது காலைப் பிரிக்கும்போது கை நின்றது. ஓடா? மூன்றாம் வகுப்புக்கு ஏது ஓடு? புயலுக்குப் பிறகு கட்டின புதுக் கட்டடத்தில் அல்லவா மூன்றாம் வகுப்பு, கான்கிரீட் தளம் அல்லவா போட்டார்கள், திறப்பு விழாவுக்கு மெல்டாவே போய் லட்டு வாங்கித் தின்றாளே. பிள்ளைக்கு எந்த வகுப்பு என்பதே மறந்துவிட்டதா? ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த பழைய கட்டடம்தான் மனசில் இருக்கிறதா? இவ்வளவுக்கா போய்விட்டது? மெதுவாக, உடைந்துவிடக் கூடாது என்கிற மாதிரி, கேட்டாள்.

"ஜெசி, ஒன் வகுப்பு தளம் போட்ட கட்டடம்ல?"

ஜெசிந்தா ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிந்தாள். கண் ஒரு தரம் கடல் பக்கம் போய்விட்டு வந்தது.

"ஆமா. இந்த வாரம் எங்களைப் பழைய கட்டடத்துக்கு மாத்திட்டாக. புதுக் கட்டடத்துல பெயின்ட் அடிக்கிறாக. அந்த வாடைக்குத் தலை வலிக்கும்னு."

பனிமயம் மதினியின் கையும் நின்றது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெயின்டா? போன ஈஸ்டருக்குத்தானே அடித்தார்கள், சந்தியாகுவே கூலிக்குப் போய் அடித்தான். மெல்டாவுக்குள் எதுவோ ஒன்று, இன்னும் பெயர் வைக்கப் பயப்படுகிற ஒன்று, மெல்லத் தலையைத் தூக்கியது. அவசரப்படாதே. இருக்கட்டும். பார்க்கலாம்.

"அப்ப மத்தப் பிள்ளைகளை எங்க? ஒருத்தியையும் காணோம்?"

"அவளுகளை மரத்தடியில உக்கார வச்சிருக்காக. வீட்டுல ஆள் இருக்கிறவுக மட்டும் போகலாம்னாக. எங்கம்மா கரையில இருப்பாகன்னு நான் சொன்னேன்."

"திலகா டீச்சர் ஒண்ணும் சொல்லலையா?"

"டீச்சர் பெரிய சிஸ்டர் ரூம்ல இருக்காக. கொத்தனாருக்குப் போன் போடுறாக."

"ராமநாதபுரத்து சார் வந்தாகளா?"

இதற்குத்தான் கொஞ்சம் நேரம் எடுத்தது. மெல்டா மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த முகத்தையே பார்த்தாள், புருவத்துக்கு நடுவில் ஒரு சின்னச் சுருக்கம் விழுந்தது, உள்ளே ஒருத்தி ஓடியாடிச் சாமான்களை எடுத்து அடுக்குகிறாள், இதை இங்கே வைக்கலாமா, அதற்கு முன்னால் அது இருக்கிறதே, அதோடு இது இடிக்குமா என்று பார்க்கிறாள். எத்தனை நாளாயிற்று இந்த முகத்தில் ஒருத்தி ஓடியாடி. பிறகு சுருக்கம் போய்விட்டது.

"வந்தாக. ஓடு விழுந்ததைப் பாத்துட்டு, அடுத்த வருசம் வாரேன்னுட்டுப் போயிட்டாக."

"அடிப்பாவி!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள் மதினி. "பொய்யி, அம்புட்டும் பொய்யி! கூசாம நிக்கிறா பாரு. மெல்டா, வாயில மொளகாயைத் தேச்சு விடுடி, அப்பத்தான்..."

"சும்மா இருங்க மதினி!"

மதினியிடம் அந்தக் குரலில் அவள் பேசியது கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதுதான் முதல் தடவை. மெல்டா ஒன்றும் நடக்காத மாதிரி மகளைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். அவிழ்ந்த ரிப்பனைக் கட்டிவிட்டாள். செம்பில் தண்ணீர் கொடுத்தாள். அப்பா எப்போது வருவார், மத்தியானம் நண்டுக் குழம்பு வைக்கட்டுமா என்று என்னென்னவோ பேசினாள். ஒரு வலையின் ஓரம் முடிகிற அளவுக்கு நேரம் விட்டாள். இதற்குள் அறுந்திருக்கும். செபம் அறுகிற மாதிரி, கணக்கில் ஒன்று விழுகிற மாதிரி, இவ்வளவு நேரம் எதுவும் அவள் கையில் நின்றதில்லை. முழுசும் நிற்க வேண்டாம் தாயே, பாதி நின்றால் போதும். கேட்காமலே இருந்துவிடலாமா, இருக்கிற சந்தோஷமாவது இருக்கும். இல்லை, கேட்க வேண்டும். வலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஆமா, நாய் சண்டை போட்டு எத்தனை ஓடு விழுந்துச்சுன்னு சொன்ன?"

ஜெசிந்தா செம்பைக் கீழே வைத்துவிட்டு, அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். எட்டு வயதுப் பிள்ளை முப்பது வயதுப் பெண்ணைப் பார்க்கக் கூடாத பார்வை, இவர்களுக்கு எத்தனை தடவை சொல்வது என்கிற பார்வை.

"நாய் இல்லம்மா, பூனை. நாய் எப்படிம்மா ஓட்டு மேல ஏறும்? ரெண்டு ஓடு."

"பூனை என்ன நெறம்?" மெல்டா கையிலிருந்த வலையை விட்டுவிட்டாள்.

"ஒண்ணு கருப்பு. இன்னொண்ணை நான் பாக்கலை. அது அங்கிட்டு விழுந்துருச்சு."

அவ்வளவுதான். மெல்டா மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள், நண்டு நாற்றம் அடிக்கிற கையால் அந்த முகத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்தது போதாமல் அழுதாள், கூடை கவிழ்ந்து நண்டுகள் நாலு பக்கமும் ஓடின, மதினி "ஏய் நண்டு, ஏய் நண்டு" என்று துரத்திக்கொண்டு போனாள். கருப்பு ஒன்றைச் சொன்னவள் இன்னொன்றுக்கும் ஒரு நிறம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, எல்லாவற்றையும் பார்த்தேன் என்றால் அம்மா நம்பமாட்டாள் என்று தெரிந்து வைத்திருக்கிறாள், அம்மாவின் மண்டைக்குள் என்ன ஓடும் என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து பொய் சொல்லியிருக்கிறாள். இவளா மெதுவா? ப்ரேயரை ஞாபகம் வைத்து, கட்டடத்தை ஞாபகம் வைத்து, ஒன்றோடொன்று இடிக்காமல் அடுக்கி, நடுவில் நான் கலைத்தும் கலையாமல்! வந்துவிட்டது மாதாவே, தின்றதைத் திருப்பிக் கொடுத்துவிட்டது அந்தப் பாழாய்ப்போன காய்ச்சல். "எதுக்குடி ஓடி வந்த? உண்மையைச் சொல்லு, அடிக்க மாட்டேன்." பொய் பிடிபட்டதை விட அம்மா அழுவதுதான் ஜெசிக்குப் பயமாக இருந்தது. "அந்த சார் கேக்கறதுக்குத் தப்பாச் சொன்னா என்னைய வேன்ல ஏத்தி அனுப்பிருவாகன்னு நீ அப்பாகிட்ட அழுதேல்ல. அவுக வருசத்துக்கு ஒரு தடவைதான் வருவாகளாம். இன்னைக்கு நான் இல்லைன்னா அடுத்த வருசம்தான். அதுக்குள்ள நான் எல்லாத்தையும் படிச்சிருவேன்ல?"

மெல்டா எழுந்தாள். கை கழுவவில்லை, சேலையை உதறவில்லை, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மணலில் நடந்தாள். அது நடையா, திருவிழாவுக்குத் தேர் இழுக்கிறவர்கள் போகிற வேகம். வரக் கூடாது என்று சொன்னார்களே என்று ஒரு நினைப்பு வந்தது, வந்த வேகத்தில் போயும்விட்டது. பள்ளிக்கூட வாசலில் திலகா டீச்சர் முகத்தில் ரத்தமே இல்லாமல் நின்றிருந்தார், கிணற்றைக்கூடப் பார்த்துவிட்டார்களாம், பின்பக்க வேலி வழியாகப் போனதை யாரும் பார்க்கவில்லையாம். பெரிய சிஸ்டர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். "அடிக்கிறதுன்னா பெறகு அடிங்க சிஸ்டர், அவ செஞ்சது தப்புத்தான்" என்றாள் மெல்டா, தன் குரல் இவ்வளவு பெரிதா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "மொதல்ல அந்த சாரைக் கூப்பிடுங்க. படம் அப்பறம் காட்டட்டும். எம்மக என்கிட்டச் சொன்ன பொய்யை ஒரு தடவை அவுக கேக்கணும்."

சார் நரைத்த மீசைக்காரர், காலையிலிருந்து காத்திருந்த அலுப்பு முகத்தில் தெரிந்தது. மெல்டா நடந்ததைச் சொல்லச் சொல்ல அந்த அலுப்பு போய் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஜெசிந்தாவிடம் கேட்டார், "பெயின்ட் அடிக்கிறாங்கன்னியாமே, எனக்கு வாசனையே வரலையே?" ஜெசி அம்மாவைப் பார்த்தாள். சொல்லு என்று மெல்டா தலையை ஆட்டினாள். "காத்து அங்கிட்டு அடிக்குது சார்" என்றாள் ஜெசி. சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் சன்னலில் வந்து தொங்கினார்கள். ஆனாலும் வேலையை விடவில்லை, சரியான மனுஷர். அட்டைகளைக் காட்டினார், கதை சொல்லித் திருப்பிக் கேட்டார், கணக்குப் போடச் சொன்னார். மெல்டா வாசலில் நின்று பார்த்தாள், யாரும் போகச் சொல்லவில்லை. சிலவற்றுக்குச் சட்டென்று பதில் வந்தது. சிலவற்றுக்கு நேரம் ஆனது. கழித்தலில் இரண்டு இடத்தில் தடுக்கி விழுந்தாள். ஒரு படத்தில் ஒன்றுமே தெரியவில்லை என்றாள். ஒவ்வொரு தடுக்கலுக்கும் மெல்டாவுக்குப் பழைய பயம் ஒரு தரம் எட்டிப் பார்த்தது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவள் அதை அங்கேயே நிறுத்தினாள். கடைசியில் சார் அட்டைகளைப் பைக்குள் போட்டார். "கணக்குல கூட உக்காந்து கையைப் பிடிச்சுச் சொல்லிக் கொடுக்கணும் டீச்சர், ஞாபகத்துக்குப் பயிற்சி வேணும், அதுக்கு நான் வழி சொல்றேன். காய்ச்சல்ல விட்டதைப் பிடிக்க இன்னும் நாளாகும். ஆனா இந்தப் பிள்ளைக்கு இந்த வகுப்புதான். எங்கயும் அனுப்ப வேணாம்." பிறகு மெல்டா பக்கம் திரும்பி, "வீட்டுல இவ பேச்சுக்கு இனிமே கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்கம்மா" என்றார்.

திலகா டீச்சர் ஓடிப்போனதற்காக ஜெசியின் காதைத் திருகி, திருகின கையாலேயே தலையைத் தடவி, வகுப்புக்குள் கூட்டிக்கொண்டு போனார். மெல்டா வெளியே வந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. பாதி வலை அப்படியே கிடக்கிறது, நண்டு வாடிப்போயிருக்கும், ஏவாரி கத்துவான், கத்தட்டும். கரை தெரிகிற திருப்பத்தில் பனிமயம் மதினி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, என்ன ஆயிற்றோ என்று நின்றிருந்தாள், சுற்றி நாலைந்து பெண்கள். கிட்டே போகிறவரை மெல்டாவால் பொறுக்க முடியவில்லை. இரண்டு கையையும் வாய்க்குக் கொடுத்து, ஊரே கேட்கட்டும் என்று கத்தினாள்:

"மதினி! எம்மக என்னைய ஏமாத்திட்டா மதினி! நான் நம்பிட்டேன்!"